தாமதத்துக்கான காரணம்

நீடாமங்கலம் கேட்டில்
சரக்கு ரயில், ஐம்பத்தெட்டுப் பெட்டி.
எண்ணினேன். வேறு வேலையில்லை.
எஞ்சினை அணைத்துவிட்டுக்
கண்ணாடியை மறுபடி சரிசெய்தேன்
(நேற்று மகன் உட்கார்ந்து பார்த்திருக்கிறான்,
சீட்டும் ஒரு பல் பின்னால் போயிருந்தது).
டாஷ்போர்டு பெட்டிக்குள் கைபேசி இரண்டு தரம் உறுமியது.
மேலாளர் ஜெயசீலனாக இருக்கும்.
உறுமட்டும்.

கட்டை எழும்போது
எல்லா வண்டிக்கும் ஒரே பசி.
எதிர்வரிசையும் நம் வரிசையும்
ஒரே வாய்க்குள் நுழையப் பார்க்கும்.
மினிபஸ் ஒன்று என் இடப்பக்கமாகவே ஏறிப் போனது,
படியில் தொங்கிய நடத்துநர்
என்னைப் பார்த்துக் கையமர்த்தினார்.
விட்டேன்.
விட்டதற்காகப் பின்னாலிருந்த சுமோ ஹாரன் அடித்தது.
அதையும் விட்டேன்.
விடுவதற்குப் பெரிய மனசெல்லாம் வேண்டாம்.
வலது கால் சொன்னபடி கேட்டால் போதும்.

பிறகு கோரையாற்றுக் கரைச் சாலை.
மாசிக் கடைசி. மேட்டூரை மூடிவிட்டார்கள்.
ஒரு பக்கம் மணலும் நாய்களுமாக ஆறு,
ஒரு பக்கம் வயல்,
நடுவில் ஒன்றேமுக்கால் வண்டி அகலத்துக்குத் தார்.
அந்தத் தாரின் மேல்
அரைக் கிலோமீட்டருக்கு உளுந்துச் செடி.
போகிற வண்டியெல்லாம் போரடிக்கும் மாடு.
போன வருஷம் சருகு சைலன்சரில் சுற்றிப் புகைந்தது;
குடத்தோடு ஓடிவந்து ஊற்றியவர்களும்
பரப்பியவர்களே.

செடி தொடங்குமுன்பே மூன்றாவது கியர், பிறகு இரண்டு.
முள் இருபத்தெட்டில்.
பார்த்தேன், ஞாபகமிருக்கிறது.

அவள் வண்டிக்கு முதுகு காட்டிக் கூட்டிக்கொண்டிருந்தாள்.
பச்சை நைட்டி, மேலே ஆண்சட்டை, காதில் பாட்டு.
மதகுச் சரிவிலிருந்து ஒரு புல்லுக்கட்டு ஏறி வந்தது.
கட்டுக்கு அடியில் எக்செல் வண்டி,
ஓட்டியவர் முகம் இன்றுவரை தெரியாது.
பிரேக்கைத் தொட்டேன்.

காய்ந்த உளுந்து என்பது சைக்கிள் பால்ரஸ்.
வண்டியின் பின்பாதி
வேறு ஊருக்குக் கிளம்பியது.

கார்த்திகையில், இதே சாலையில், சேற்றில்,
மிதித்தவள்தான் நான். முழங்கால் விறைக்க மிதித்தேன்.
வண்டி வந்த திசையையே பார்த்து நின்றது,
மட்கார்டில் கருவேலம் கையெழுத்துப் போட்டது.
இந்த முறை காலை எடுத்தேன்.
உடம்பு முழுக்க மிதி மிதி என்று கத்தும்போது எடுப்பது
பிரசவ அறையில்
இப்ப முக்காதே என்று நர்ஸ் சொன்னாளே
அந்த ஒரு நிமிஷம்.
வால் போன பக்கமே
தலையைக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தேன்.
உருண்டது, உருண்டது,
எங்கோ ஒரு கையளவு வெறும் தார் கிடைத்து
டயர் பிடித்தது.
அந்தப் பிடி முதுகுத்தண்டில் ஏறியது.

பம்பருக்கும் விளக்குமாற்றுக்கும் நடுவே
ஒரு முறம் வைக்கலாம்.
புல்லுக்கட்டு நிற்காமல் போய்விட்டது.
அவள் திரும்பினாள். ஒரு காதிலிருந்து மட்டும்
பாட்டைக் கழற்றினாள்.
"ஓரமா ஏத்திப் போங்கக்கா,
அங்க இன்னும் மிதிபடல."

ஏற்றிப் போனேன்.
முதல் கியரில், கை நடுங்க,
அவளுக்காக ஒரு வரிசை நன்றாகவே மிதித்தேன்.

நடந்திருந்தால் அதற்கொரு தேதி இருந்திருக்கும்,
காவல் நிலையத்தில் எண்,
திருவாரூர் ஆஸ்பத்திரியில் கட்டில்,
ஊர்வாயில் 'கார் ஓட்டுன பொம்பள' என்று நான்.
நடக்காததற்கு ஒன்றுமில்லை.
டயர்ப் பள்ளத்தில் சிக்கிய ஏழு உளுந்து.
காலையில் பங்க்கில்
நாலு சக்கரத்துக்கும் முப்பத்திரண்டு வைத்த பையன்,
நான் கேட்டதற்காக ஸ்டெப்னிக்கும் வைத்தான்.
அவனுக்கு யார் போய்ச் சொல்வது?

ஜெயசீலன் பதிவேட்டைத் தள்ளினார்.
'தாமதத்துக்கான காரணம்'
என்ற கட்டம்
விரற்கடை அகலம்.

'கேட்'
என்று எழுதினேன்.